பழக்கம் மாறுவது எங்ஙனம்?
கூர்ட் லெவினின் ஆராய்ச்சி வாழ்வு

கல்லூரியாயினும் தொழிற்சாலையாயினும், புதிய விதியொன்றை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுதல் எளிது; அவ்விதிப்படி மக்களை ஒழுகச் செய்தல் அரிது. அது ஏன் அரிதாகின்றது என்பதை ஆராய்வதில் தம் ஆயுளின் பிற்பகுதியைச் செலவிட்டவர் கூர்ட் லெவின் என்னும் உளநூற் பேராசிரியர். நிறுவன மாற்றமும் வளர்ச்சியும் எனப் பல்கலைக்கழகங்களில் இன்று பயிலப்படும் துறைக்கு அடிகோலியோருள் இவர் முதன்மையானவர்.

அந்நாளிற் பிரசிய ஆட்சிக்குட்பட்டிருந்ததும் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்ததுமான மொகில்னோ என்னும் சிற்றூரில், 1890 ஆம் ஆண்டு, யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். பேர்லினிற் கற்று, முதலாம் உலகப் போரிற் படைவீரராய்க் காயமுற்று மீண்டு, அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார். மாணாக்கருடன் கோப்பிக் கடையில் அமர்ந்து நெடுநேரம் உரையாடுவது அவர் வழக்கம். பணம் பெறும்வரை ஒவ்வொருவர் கணக்கையும் நினைவில் வைத்திருந்த பரிசாரகன் பணம் பெற்றதும் அதனை மறந்துவிட்டதை அங்கே கண்டனர் என்பர். முடிவுறாத வேலையே நினைவில் நிற்கும் என்னும் ஆய்வை அவருடைய மாணவியார் புளூமா சைகர்னிக் 1927 இல் வெளியிட்டார். பரீட்சை முடிந்த மறுநாளே பாடத்தை மறந்துவிடும் பிள்ளைகளைக் கடிந்துவந்த எமக்கு இது சிறிது நாணத்தைத் தந்தது.

1933 இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றவே லெவின் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். தாயாரையும் அங்கு அழைப்பிக்க அவர் செய்த முயற்சிகள் கைகூடவில்லை. அவ்வன்னையார் நாசிகளின் கொடுமைக்கு இரையானார். கூட்டமாய்ச் சேர்ந்த மாந்தர் எங்ஙனம் ஒழுகுகின்றனர் என்னும் வினா அவருக்கு வெறும் ஏட்டு வினாவாக இருந்திருத்தல் இயலாது. ஐயோவாப் பல்கலைக்கழகத்திற் சிறுவர் கழகங்களை வைத்து அவரும் மாணாக்கரும் நடத்திய தலைமை பற்றிய சோதனைகளை ஆசிரிய கலாசாலைகளிற் பயின்றோர் அறிவராதலின் அவற்றை இங்கு விரிக்கவில்லை.

நாம் விரிக்க விரும்புவது போர்க்கால உணவுச் சோதனையையே. நல்லிறைச்சிக்குத் தட்டுப்பாடு வரவே, மாட்டிதயம், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளை மக்கள் உண்ணும்படி செய்யவேண்டியிருந்தது. (சைவ மணங் கமழும் கல்லூரி மலரில் இதனை எழுத நேர்ந்தமையை அன்பர்கள் பொறுத்தருள்க.) இல்லத்தரசியர் குழுக்கள் ஆறு தெரிந்தெடுக்கப்பட்டன. மூன்று குழுக்களுக்கு வல்லுநர் விரிவுரையாற்றினார். ஊட்டச்சத்துப் பட்டியல்களைக் காட்டினார். சமைக்கும் முறைகளையும் எழுதிக் கொடுத்தார். ஏனைய மூன்று குழுக்களிலோ பெண்கள் தமக்குள் இடர்களை எடுத்துப் பேசினர்: கணவர் வெறுப்பார், சமைக்கும்போது நாற்றம் எழும் என்றெல்லாம் கூறினர். பேசிய பின்னரே சமையல் முறைகள் தரப்பட்டன. இறுதியிற் சமைத்துப் பார்க்க எவரெவர் இசைகின்றனர் எனக் கைதூக்கச் சொன்னார்கள். இருவகைக்கும் கிடைத்த நேரம் நாற்பத்தைந்து நிமிடமே. பின்னர் விசாரித்தபோது, முன்பு சமைத்திராத ஓர் உறுப்பையேனும் சமைத்தோர் விரிவுரை கேட்டவருள் நூற்றுக்கு 3 பேர். கலந்து பேசித் தீர்மானித்தவருள் நூற்றுக்கு 32 பேர்.

இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை முன் நின்று விரிவுரையாற்றி வரும் எமக்கு அந்த 3 என்னும் எண் உறுத்தியது. ஆயினும் கலந்துரையாடலை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கொள்ளலாகாது. எடித் பெனெற் என்பார் 1955 இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் பேச்சு விரிவுரையினும் சிறந்ததெனக் காணப்படவில்லை. தாமே தீர்மானித்தலும், ஏனையோரும் அவ்வாறே தீர்மானித்தனர் என்னும் எண்ணமுமே பயன் தந்தன. ஆசிரியர் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்து எழுந்த எமக்கு இம்முடிவு வியப்பளிக்கவில்லை.

பழக்கம் அசையாத கல்லன்று. ஓடிக்கொண்டே ஒரு நிலையில் நிற்கும் ஆற்றைப் போன்றது என்றார் லெவின். முன்தள்ளும் விசைகளும் தடுக்கும் விசைகளும் சமமாயிருத்தலின் அது மாறாததுபோலத் தோன்றுகிறது. கட்டளையை மிகுத்தால் மாற்றம் வரலாம். உடன் மனவிறுக்கமும் மிகும். தடையைக் குறைத்தால் அவ்விறுக்கமின்றியே மாற்றம் நிகழும். உறைந்ததை இளக்குதல், நகர்த்துதல், மீண்டும் உறையச் செய்தல் என 1947 இல் அவர் சுருக்கமாய்ச் சொன்னவற்றைப் பின்வந்தோர் முகாமையாளருக்குரிய மூன்றுபடி ஏணியாக்கிவிட்டனர். அவர் எழுதியதோ அத்துணை எளிய சூத்திரமன்று.

வேர்ஜீனியாவில் மரியன் நகரத்து ஹார்வூட் பைஜாமாத் தொழிற்சாலையில் அவர் வழிவந்த சோதனையொன்றில், அழுத்தித் தேய்த்த ஆடைகளை மட்டையின்மேல் அடுக்கிவந்த தொழிலாளரைப் பெட்டிக்குள் அடுக்கச் சொன்னார்கள். மாற்றம் இவ்வளவே. எனினும், காரணங் கூறி அறிவிக்க மட்டும் செய்த அக்குழுவின் உற்பத்தி வீழ்ந்து எழவில்லை. நாற்பது நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுச் சென்றனர். வேறு சிறு மாற்றங்களுக்கு உட்பட்டு, அவற்றை வகுப்பதில் அனைவரும் பங்குகொண்ட குழுக்களில் ஒருவரும் விலகவில்லை. உற்பத்தியும் முன்னையினும் ஏறக்குறைய நூற்றுக்கு 14 பங்கு உயர்ந்தது. கொக், பிரெஞ்ச் என்னும் இருவர் இதனை 1948 இல் வெளியிட்டனர். அதைக் காண லெவின் இருக்கவில்லை. 1947 பெப்ரவரி 12 இல், ஐம்பத்தாறாவது வயதில் மறைந்தார்.

இவற்றைப் படித்தபின், பத்தாந்தர மாணவர் மாதந்தோறும் நூலகத்திலிருந்து எத்தனை நூல்கள் படிக்கவேண்டுமென்பதைச் சென்ற தவணையில் அவர்களிடமே விட்டோம். நாம் விரும்பியது இரண்டு. அவர்கள் நெடிது வாதாடித் தீர்மானித்தது ஒன்று. அவ்வொன்றைப் பெரும்பாலோர் படித்து முடித்தனர். இத்தவணை இரண்டாக்கலாமா என்னும் பேச்சை அவர்களே தொடங்கியிருக்கின்றனர். நாம் இன்னும் வாய் திறக்கவில்லை.