ரஷ்ய மொழி புழங்கும் ஊரில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் இளம் ஆசிரியருக்கு

ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே ரஷ்ய மொழி படிக்க விரும்பும் இளம் ஆசிரியருக்கு மிகவும் ஏற்ற ஊர்களில் ஒன்று, கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக். சோவியத் காலத்தில் ஃப்ரூன்சே என்று வழங்கிய இந்நகரம் 1991இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நாட்டின் அரசு மொழி கிர்கிஸ்; 2000ஆம் ஆண்டு முதல் ரஷ்ய மொழிக்கும் அலுவல் மொழித் தகுதி உண்டு. சந்தையில் விலை கேட்பது, ‘மார்ஷ்ரூத்கா’ எனப்படும் சிற்றுந்தில் இறங்குமிடம் சொல்வது, மருந்துக்கடையில் உடம்புக்கு என்னவென்று விளக்குவது எல்லாவற்றுக்கும் அங்கே ரஷ்ய மொழி உதவும். மொழி எங்கும் காதில் விழும். கிடைக்காதது நேரம்தான்.

ஆங்கில ஆசிரியரை நாடி வருகிறவர்களுக்கு வேண்டியது ஆங்கிலம். வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் அவரிடம் ஆங்கிலத்திலேயே பேசிப் பழக விரும்புவார்கள். அது அவர்களுடைய நியாயமான ஆசை. ஓராண்டு முழுவதும் இப்படியே கழிந்து, கடைக்காரரிடம் பேச நாலு வாக்கியம் மட்டும் மிஞ்சுவது எளிதில் நேரக்கூடியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ரஷ்ய மொழியில் அலுவல் தேர்ச்சி பெற ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. வாரம் 4 மணி நேரம் படித்தால் அது 5 ஆண்டுக்கு மேல் இழுக்கும். ஆகவே, பணிக்கான மணிகளை ஒப்புக்கொள்வதற்கு முன்பே படிப்புக்கான மணிகளை ஒதுக்கிவிட வேண்டும். தனிப்பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் மாலையில் நடப்பதால், காலை வேளையே படிப்புக்கு உகந்தது. ஊதியத்தின் ஒரு பகுதியாக ரஷ்ய வகுப்பு தரும் மொழிப் பள்ளிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வாரம் எத்தனை மணி, யார் கற்பிப்பார், தவறிய வகுப்புக்கு ஈடு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது முறை.

படிப்பில் முதல் படியான 33 எழுத்துகள் சில நாட்களில் பழகிவிடும். ஆங்கில ‘ஹெச்’ வடிவம் அங்கே ‘ந’ ஒலியையும், ‘சி’ வடிவம் ‘ஸ’ ஒலியையும் தருவதுபோன்ற தடுமாற்றங்கள் விரைவில் தீரும். சொல்லழுத்தம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. அது எந்த அசையிலும் விழலாம். வழக்கமான அச்சில் குறிக்கப்படுவதில்லை. அழுத்தம் பெறாத ‘ஒ’ பல இடங்களில் ‘அ’ போல ஒலிக்கும். புதிய சொல்லைக் கண்ணால் மட்டும் படிக்காமல், காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பதித்துக்கொள்ள வேண்டும்.

இலக்கணத்தில் தமிழர் ஓரளவு முன்னே நிற்கிறார். வேற்றுமை என்ற கருத்து அவருக்குப் புதிதல்ல. ரஷ்ய மொழியில் 6 வேற்றுமைகள்தான். ஆனால் உருபுகள் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும், பெயரடையும் கூடவே மாறும் என்பதால் மனப்பாடம் கூடுதலாகத் தேவை. வினையின் முற்றுப்பெற்ற, முற்றுப்பெறாத வடிவங்கள் ஐரோப்பியர் பலரைத் திணறடிப்பவை. ‘படித்தான்’, ‘படித்துவிட்டான்’ என்ற இரண்டையும் நாள்தோறும் பிரித்துப் பேசும் தமிழருக்கு ‘ச்சித்தால்’, ‘ப்ரச்சித்தால்’ என்ற இணை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. இரு மொழிகளும் முற்றிலும் பொருந்திவிடா. என்றாலும் தொடங்குவதற்கு இது நல்ல பிடிமானம். நடந்து போவதா, வண்டியில் போவதா, ஒருமுறை போவதா, போய்வருவதா என்று பிரியும் இயக்க வினைகளுக்குத்தான் நீண்ட பொறுமை வேண்டும்.

இந்தப் படிப்பின் மிகப் பெரிய பயன் ஆங்கில வகுப்பில் தெரியும். ஆங்கிலத்தின் ‘எ’, ‘த’ போன்ற சுட்டிடைச்சொற்கள் ரஷ்ய மொழியில் இல்லை. ‘அவர் ஆசிரியர்’ என்பதில் நிகழ்காலத்துக்கு வினையும் தேவையில்லை. இவ்விரண்டிலும் தமிழ் அதேபோலத்தான். ‘5 வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்று இரு மொழிகளும் நிகழ்காலத்தில் சொல்ல, ஆங்கிலம் வேறு காலவடிவம் கேட்கிறது. மாணவர் ‘ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால் அது கவனக்குறைவல்ல என்பது தமிழ் ஆசிரியருக்கு உடனே விளங்க வேண்டும். அவரும் அதே இடத்தில் விதியைப் படித்துத்தான் கடந்து வந்தார். இத்தகைய பிழையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது வீண். மாணவரின் மொழியில் அந்த வாக்கியம் எப்படி அமைகிறது என்பதைப் பக்கத்தில் எழுதிக் காட்டி, ஆங்கிலம் பிரியும் இடத்தைச் சுட்டினால் மாணவருக்குக் காரணம் புரியும். உச்சரிப்பில் ஆசிரியர் தன்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும்: ஆங்கிலத்தின் இருவகை ‘வ’ ஒலிகளை ரஷ்ய மொழி பேசுவோர் மட்டுமல்ல, தமிழரும் ஒன்றாக்கிவிடுவார்கள். ரஷ்ய மொழி இப்படி உதவுகிறது என்பதற்காக வகுப்பை ரஷ்ய மொழிப் பயிற்சிக்களமாக மாற்றுவது தகாது. மாணவர் கட்டணம் செலுத்துவது ஆங்கிலத்துக்கு. ஆசிரியரின் ரஷ்யப் பேச்சு ஒரு விளக்கத்தோடு நின்றுவிட வேண்டும்.

ரஷ்ய மரியாதை வழக்கில் ‘தி’, ‘வி’ என்ற இரண்டும் நீ, நீங்கள் போன்றவை. வயதுவந்த மாணவரிடமும் முன்பின் அறியாதவரிடமும் ‘வி’யே பொருந்தும். ரஷ்ய மரபில் ஆசிரியரைப் பெயரோடு தந்தைப்பெயர் வடிவத்தையும் சேர்த்து அழைப்பார்கள். கிர்கிஸ் மாணவர்கள் ஆசிரியரை ‘அகாய்’ என்றும் ஆசிரியையை ‘எஜெய்’ என்றும் கூப்பிடுவார்கள். ரஷ்ய மொழிக்காக வந்தவரும் ‘சலாமத்சிஸ்பி’ என்ற வணக்கத்தையும் ‘ரஹ்மத்’ என்ற நன்றியையும் முதல் வாரமே கற்பது நல்லது. அந்த மண்ணின் மொழியை ஒதுக்கிவிட்டு அங்கே வாழ்வது அழகல்ல.

பாடநூல்களில் ‘தரோகா வ் ரஸ்ஸீயு’ வரிசை இலக்கணத்தைப் படிப்படியாகக் கொண்டுபோகும், செர்னிஷோவ் எழுதிய ‘பயேஹலி!’ பேச்சை முன்னிறுத்தும். இரண்டில் ஒன்றை எடுத்து முடிப்பதே போதும். அளவிட விரும்புவோருக்கு ரஷ்யாவின் அரசுத் தேர்வு உண்டு: தொடக்க நிலை, அடிப்படை நிலை, அதற்கு மேல் 4 சான்றிதழ் நிலைகள். முதல் சான்றிதழ் ஐரோப்பியச் சட்டகத்தின் பி1 நிலைக்கு இணை. வேலையோடு படிக்கும் ஆசிரியர் முதலாண்டுக்கு அடிப்படை நிலையை இலக்காக வைத்துக்கொள்ளலாம். முதல் சான்றிதழை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.