கூலி உயர்ந்தால் குறை தீருமா?



“கூலி கூடித்தான் இருக்கிறது; ஆனால் கையில் காசு தங்குவதில்லை” என்ற பேச்சு எழாத வீடு அபூர்வம். பழி பெரும்பாலும் வீட்டுச் செலவைக் கவனிக்கும் தாயின்மேல் விழுகிறது. அது நியாயந்தானா என்று இவ்வாரம் கணக்குப் பார்ப்போம்.

கையில் எண்ணி வாங்கும் ரூபாய் பணக்கூலி. அந்த ரூபாய்க்குக் கிடைக்கும் அரிசி, பருப்பு, துணி, மருந்து முதலியவையே உண்மைக்கூலி. வயிறு அறிவது இரண்டாவதை மாத்திரமே.

உதாரணமாக, ஒருவருடைய நாட்கூலி 400 ரூபாய், வீட்டின் அன்றாடச் செலவு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கூலி 500 ஆகிறது. அதே சாமான்களின் விலை 400 ஆகிறது. முன்னும் மிச்சம் 100, இப்போதும் 100. நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் முன்பு 75 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க இன்று அந்த 100 ரூபாயும் வேண்டும்.

இன்னும் ஒன்று. கூலி ஆறு நாளைக்கு. பசியோ ஏழு நாளைக்கும். முன்பு வார வரவு 2,400, செலவு 2,100, மிச்சம் 300. இப்போது வரவு 3,000, செலவு 2,800. மிச்சம் 200 தான். மழையால் ஒரு நாள் வேலை போனாலோ, 300 ரூபாய் கடன்! தாய் ஒரு காசும் வீணாக்கவில்லை. ஆயினும் கடன் வாசலில் நிற்கிறது.

அப்படியானால் கூலியை எதைக்கொண்டு அளப்பது? 1957-ல் கூடிய 15-ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு வழி வகுத்தது. குடும்பத்துக்குப் போதிய உணவு, நால்வருக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம் என்று அது கணக்கிட்டது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை, கலியாணம் ஆகியவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்கவேண்டுமென்று 1991-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிக்கனமாய் வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குக் கூலி போதாமல் இருக்கலாகாது என்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் வருஷத்து நிருபத்திலேயே போதித்திருக்கிறார்.

நம்மில் கூலி வாங்குவோர் உண்டு, கொடுப்போரும் உண்டு. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆள் வைத்திருப்பவர்கள், “ஊரில் எல்லோரும் இவ்வளவுதானே கொடுக்கிறார்கள்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாகாது. ஊர் வழக்கம் அவர்கள் வீட்டு உலையில் அரிசி போடுமா?

வீட்டில் செய்யவேண்டியது:

1. அரிசி, பருப்பு, எண்ணெய், பால், எரிவாயு ஆகியவற்றின் இன்றைய விலையையும் சென்ற வருஷத்து விலையையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

2. ஒவ்வொன்றையும் வாங்க எத்தனை மணி நேர உழைப்பு வேண்டுமென்று கணக்கிடுங்கள். நேரம் கூடியிருந்தால், உண்மைக்கூலி அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

3. உங்களிடம் வேலை செய்பவரின் குடும்பத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதன்பிறகு கூலியை நிர்ணயியுங்கள்.