குட்டி நாய்க்கு வயிறு உப்பினால்

நாய்க்குட்டி இல்லாத தெரு உண்டா? சத்தியவேட்டில் இல்லை. சுற்றியுள்ள ஊர்களிலும் இல்லை. வீட்டைக் காக்க ஒரு நாய். வேர்க்கடலைக் கொல்லையைக் காக்க ஒரு நாய். பிள்ளைகள் விளையாட ஒரு குட்டி.

தெருவில் தாய் நாய் குட்டி போடும். பிள்ளைகள் ஒரு குட்டியைத் தூக்கி வருவார்கள். நாமும் பாலும் சோறும் வைப்போம். சில நாளில் குட்டியின் வயிறு உப்பும். அடிக்கடி காற்று பிரியும். வீடே நாறும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எந்தக் குட்டிக்கும் கொஞ்சம் காற்று பிரியத்தான் செய்யும். அதற்குப் பயப்பட வேண்டாம். அளவுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஏன் காற்று சேருகிறது? என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காற்று எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது.

முதல் வழி வாய். நான்கு குட்டிகளுக்கு ஒரே தட்டில் சோறு வைக்கிறோம். ஒன்றுக்கு ஒன்று போட்டி. மெல்லாமல் அள்ளி விழுங்கும். சோற்றோடு காற்றும் உள்ளே போகும்.

இரண்டாவது வழி குடல். தோசை மாவைப் பாருங்கள். இரவில் கரைத்து வைக்கிறோம். காலையில் பொங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று காற்றை விடுகின்றன. குட்டியின் குடலிலும் நுண்ணுயிர்கள் உண்டு. செரிக்காத உணவு அங்கே போய்ச் சேர்ந்தால் அதுவும் புளிக்கும். காற்று வரும். நாற்றமும் வரும்.

எந்த உணவு எளிதில் செரிப்பதில்லை? மொச்சை, காராமணி, பருப்பு, முட்டைக்கோஸ், எண்ணெயில் பொரித்தது, ஊசிப்போன சோறு. இவற்றோடு பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலா? ஆம், பால்தான். பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் சாறு குட்டியின் குடலில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் நிறையச் சுரக்கும். வளர வளரக் குறையும். மேலும், நாய்ப் பாலை விடப் பசும்பாலிலும் எருமைப் பாலிலும் இந்தச் சர்க்கரை அதிகம். அதனால்தான் நிறையப் பால் குடித்த குட்டிக்கு வயிறு இரைகிறது. கழிச்சலும் வருகிறது.

தாயை இழந்த மிகச் சிறிய குட்டி என்றால் என்ன செய்வது? அதற்கு ஏற்ற பால் எது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு

ஒரு பாட்டி குட்டியோடு கால்நடை மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே நடக்கும் பேச்சைப் படியுங்கள்.

“டாக்டரம்மா, குட்டிக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கு. ராத்திரி எல்லாம் காத்து விட்டுக்கிட்டே இருந்தது.”

“என்ன சாப்பாடு வெச்சீங்க பாட்டி?”

“காலையில ஒரு சொம்பு பாலு. மத்தியானம் சாம்பார் சோறு. ராத்திரியும் பாலுதான்.”

“வைத்தியம் ஏதாவது பண்ணீங்களா?”

“காத்துக்குப் பூண்டுதானே மருந்து? நாலு பல்லைத் தட்டிப் பாலில போட்டுக் காய்ச்சிக் குடுத்தேன். என் பேரனுக்கும் அதைத்தான் குடுப்பேன்.”

“பேரனுக்குக் குடுங்க பாட்டி. குட்டிக்குக் குடுக்காதீங்க. பூண்டும் வெங்காயமும் நாயோட ரத்தத்தைக் கெடுக்கும்.”

“ஐயையோ! எனக்கு யாரும் சொல்லலையே அம்மா.”

“அதனால என்ன? இப்ப நீங்க நாலு பேருக்குச் சொல்லுங்க. குட்டியை இப்படி மேசை மேல விடுங்க, பார்க்கலாம்.”

டாக்டரம்மா சொன்னது உண்மை. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை உடைக்கும். பச்சையாகக் கொடுத்தாலும் கெடுதல். வேக வைத்துக் கொடுத்தாலும் கெடுதல். கெடுதல் அன்றே தெரியாது. சில நாள் கழித்துத் தெரியும். ஈறு வெளுக்கும். குட்டி சோர்ந்து படுக்கும். சிறுநீர் சிவந்து போகும். குட்டியின் உடல் சிறியது. அதனால் சிறிய அளவே பெரிய கெடுதல் செய்யும்.

வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, வாயு மாத்திரை எதையும் தர வேண்டாம். ஓமத் திரவம், பெருங்காயத் தண்ணீர், விளக்கெண்ணெய் ஆகியவையும் வேண்டாம். மருத்துவர் சொன்னால் மட்டும் மருந்து கொடுங்கள்.

காற்றா? புழுவா?

சில குட்டிகளின் வயிறு பானை போல இருக்கும். ஆனால் முதுகெலும்பும் விலா எலும்பும் தெரியும். முடி பளபளப்பாக இருக்காது. இதைப் பார்த்துக் “குட்டி கொழுகொழு என்று இருக்கிறது” என்போம். அல்லது “காற்று” என்போம். பெரும்பாலும் அது வயிற்றுப் புழு.

தெருவில் பிறந்த குட்டிக்குப் புழு எப்படி வந்தது? தாயிடம் இருந்து வந்தது. வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குப் புழு வந்துவிடும். தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால் பிறந்த இரண்டாவது வாரமே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். பிறகு எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று மருத்துவர் சொல்வார்.

இந்தப் புழு நம் பிள்ளைகளுக்கும் கெடுதல் செய்யும். குட்டியின் மலத்தில் புழுவின் முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் கலக்கும். பிள்ளைகள் மண்ணில் விளையாடி, கை கழுவாமல் சாப்பிட்டால் முட்டைகள் வயிற்றுக்குள் போகும். ஈரலுக்கும் கண்ணுக்கும்கூடக் கெடுதல் வரலாம். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் புதையுங்கள். குட்டியோடு விளையாடிய பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

எழுதி வையுங்கள்

எந்த உணவால் காற்று வருகிறது? ஊகித்துச் சொல்ல முடியாது. நினைவில் வைத்துக்கொள்வதும் கடினம். ஆனால் இப்போது நமக்கு எழுதத் தெரியும். ஒரு பழைய நோட்டை எடுங்கள். நான்கு நாட்கள் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

திங்கள்: பால், சோறு. காற்று அதிகம். மலம் தண்ணீராக.
செவ்வாய்: பால் இல்லை. குழைந்த சோறு, முட்டை. காற்று குறைவு.
புதன்: சாம்பார் சோறு. காற்று அதிகம்.
வியாழன்: குழைந்த சோறு, கோழி. காற்று இல்லை. மலம் கெட்டி.

இந்த நோட்டில் இருந்து என்ன தெரிகிறது? இந்தக் குட்டிக்குப் பாலும் பருப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு அதில் விடை இருக்கும்.

எப்படிச் சோறு வைப்பது?

1. சோற்றைக் குழைய வேக வையுங்கள். வேக வைத்த முட்டை அல்லது எலும்பு நீக்கிய கோழிக்கறி சேருங்கள். மசாலா, மிளகாய், வெங்காயம், பூண்டு வேண்டாம்.

2. கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. ஆறு மாதம் வரை மூன்று வேளை. பிறகு இரண்டு வேளை போதும்.

3. ஒவ்வொரு குட்டிக்கும் தனித் தட்டு வையுங்கள். அவசரமாக விழுங்கும் குட்டியின் தட்டு நடுவில் ஒரு வழவழப்பான கல்லைக் கழுவி வையுங்கள். கல் பெரிதாக இருக்கட்டும். குட்டி விழுங்க முடியாத அளவு இருக்கட்டும். கல்லைச் சுற்றிச் சுற்றித் தின்பதால் வேகம் குறையும்.

4. உணவைத் திடீரென்று மாற்றாதீர்கள். பழைய உணவில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேருங்கள். ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றுங்கள்.

5. குப்பைக்குப் போக விடாதீர்கள். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, கல்யாண வீட்டு எச்சில் இலை, சமைத்த எலும்பு மூன்றும் ஆபத்து.

6. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

எப்போது ஓட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

வயிறு மேளம் போல விறைத்திருக்கிறது.
வாந்தி எடுக்க முயல்கிறது. ஒன்றும் வரவில்லை.
எச்சில் ஒழுகுகிறது. படுக்க முடியாமல் தவிக்கிறது.
ஈறு வெளுத்திருக்கிறது.
மலத்தில் ரத்தம் இருக்கிறது.
வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வருகின்றன. சாப்பிட மறுக்கிறது.

வயிறு விறைத்து, வாந்தி வராமல் தவிப்பது மிகவும் ஆபத்து. இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொண்டிருக்கலாம். இது குட்டிகளுக்கு அரிதாகத்தான் வரும். வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ரத்தக் கழிச்சல் பார்வோ என்ற தொற்று நோயாக இருக்கலாம். 1978-இல் உலகின் பல நாடுகளில் பரவத் தொடங்கிய நோய் அது. அதற்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு வாரம் முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம். எப்போது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைப் பலகையில் தெலுங்கில் ‘பசு வைத்தியசாலை’ என்று எழுதி இருக்கும். மாட்டுக்கு மட்டும் என்று நினைத்துத் திரும்பி வராதீர்கள். நாயையும் அங்கே காட்டலாம். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ‘கடுபு உப்பிந்தி’ என்று சொல்லுங்கள். வயிறு உப்பிவிட்டது என்று பொருள். பெரிய சிகிச்சைக்குத் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது 1955-இல் தொடங்கியது. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கிறது.

ஒரு கணக்கு

குட்டியின் எடையைப் பார்த்துத்தான் மருந்து தருவார்கள். எடையைக் குறித்துக்கொண்டு போனால் நல்லது. குட்டி தராசில் நிற்காதே! என்ன செய்வது?

முதலில் நீங்கள் மட்டும் எடை மேடையில் ஏறுங்கள். எடை 52 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். இப்போது 55 கிலோ. குட்டியின் எடை எவ்வளவு?

55 – 52 = 3 கிலோ.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. பூண்டும் ............ நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.
2. மூன்று மாதம் வரை குட்டிக்கு ............ வேளை உணவு.
3. விலா எலும்பு தெரிந்து வயிறு மட்டும் பெருத்தால், அது பெரும்பாலும் ............ .

ஆ. பேசிப் பாருங்கள்.
1. உங்கள் தெருவில் குட்டிகளுக்கு என்ன உணவு வைக்கிறார்கள்?
2. காற்றுக்கு என்ன வைத்தியம் செய்கிறார்கள்? அதில் எது குட்டிக்கு ஆகாது?

இ. எழுதுங்கள்.
உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.