கொரில்லாவைப் படமெடுக்க 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள்



ஒளி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி தான் பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொன்னாள். ஆப்பிரிக்கக் காட்டில் ஓர் இளைஞர் சிரித்தபடி செல்ஃபி எடுக்கிறார். அவருடைய தோளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், ஒரு மலைக் கொரில்லா உட்கார்ந்திருக்கிறது. "நானும் ஒரு நாள் இப்படி எடுக்கணும், டீச்சர்," என்றாள்.

ஆசை நல்லதுதான். ஆனால், அந்தப் படத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாம் நினைப்பதுபோல் அந்த ஆபத்து இளைஞருக்கு அன்று, கொரில்லாவுக்கு! அது என்ன ஆபத்து, அதைத் தவிர்த்துக்கொண்டே நல்ல படம் எடுப்பது எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம். உயிரியலும் இயற்பியலும் கைகோக்கும் பாடம் இது.

எங்கே வாழ்கின்றன?

மலைக் கொரில்லாக்கள் உலகில் இரண்டே இடங்களில்தான் உள்ளன. ஒன்று, ருவாண்டா, உகாண்டா, கொங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். மற்றொன்று, உகாண்டாவின் பிவிண்டி காடும் அதையொட்டிக் கொங்கோவில் உள்ள சராம்புவே காடும். விருங்காவில் 604, பிவிண்டி-சராம்புவே பகுதியில் 459 என அண்மைய கணக்கெடுப்புகள் காட்டின. மொத்தம் 1,063. பல இடைநிலைப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையே இதைவிட அதிகம்!

பயணிகள் பார்க்கும் கொரில்லாக் குழுக்கள் மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்டவை. காவலர்கள் நாள்தோறும் போய் அமைதியாக அருகில் இருந்து, அவற்றின் அச்சத்தைப் போக்குகிறார்கள். இதற்கு ஏறக்குறைய 2 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். ஆக, கொரில்லா நம்மைக் கண்டு ஓடாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பயிற்சி. ஓடாததாலேயே நம்மிடமிருந்து நோய் தொற்றும் வாய்ப்பும் கூடிவிடுகிறது.

நமக்குச் சளி, அதற்கு உயிர்ப்போராட்டம்

மனிதனின் மரபணுத் தொகுதியும் கொரில்லாவின் மரபணுத் தொகுதியும் ஏறக்குறைய 98 விழுக்காடு ஒத்துப்போகின்றன. எனவே, நம் மூச்சுக்குழாயைத் தாக்கும் கிருமிகள் பலவற்றால் அதன் மூச்சுக்குழாயையும் தாக்க முடியும். நமக்கோ சிறுவயது முதல் பலமுறை சளி பிடித்து, உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகியுள்ளன. காட்டுக் கொரில்லாவின் உடல் அந்தக் கிருமிகளை அறியாது.

2009ஆம் ஆண்டு ருவாண்டாவில் நடந்தது இதற்குச் சான்று. ஹிர்வா என்ற குழுவில் இருந்த 12 கொரில்லாக்களில் 11 கொரில்லாக்களுக்கு இருமலும் மூக்கொழுகலும் கண்டன. அவற்றில் ஒரு தாய்ப் பருவப் பெண்ணும் ஒரு குட்டியும் இறந்தன. இறந்தவற்றின் உடலில் மனித மெட்டாநியூமோ வைரஸ் இருந்தது. மனிதருக்குச் சாதாரணச் சளி, காய்ச்சலைத் தரும் கிருமிகளில் அதுவும் ஒன்று. பெண் கொரில்லா சராசரியாக 4 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி ஈனும் என்பதால், ஓர் இழப்பை ஈடுகட்டவே பல ஆண்டுகள் ஆகும்.

இதனால்தான் விதிகள் கடுமையாக உள்ளன. ஒரு குழுவைக் காண நாளொன்றுக்கு 8 பயணிகள் வரைதான் அனுமதி. பார்க்கும் நேரம் 1 மணி. 15 வயது நிரம்பாதவர்கள் போக முடியாது. சளி, இருமல் இருந்தால் பணம் கட்டியிருந்தாலும் அனுமதி இல்லை. முன்பு 7 மீட்டர் என்றிருந்த இடைவெளி, கோவிட்-19 காலத்தில் 10 மீட்டராக உயர்த்தப்பட்டது. முகக்கவசமும் கட்டாயமானது.

விதி இருந்தும் கடைப்பிடிக்கப்படுகிறதா? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2013 முதல் 2019 வரை இன்ஸ்டாகிராமில் பதிவான 858 கொரில்லாச் சுற்றுலாப் படங்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலான படங்களில் மனிதர் கொரில்லாவுக்கு 4 மீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே இருந்தனர்.

கால் நடக்க வேண்டாம், வில்லை நடக்கட்டும்

ஏன் இவ்வளவு நெருங்குகிறார்கள்? படிவம் 4 இயற்பியலில் படிக்கும் வில்லைக் கணக்கு இதற்கு விடை சொல்லும். பொருள் தொலைவில் இருக்கும்போது,

பிம்பத்தின் உயரம் = குவியத் தூரம் × பொருளின் உயரம் ÷ பொருளின் தூரம்

என்று கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் கொரில்லாவின் உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. வகைப் புகைப்படக் கருவியில் ஒளியைப் பெறும் உணரியின் உயரம் 24 மி.மீ.

கைப்பேசியின் முதன்மை வில்லை, இந்தக் கருவியில் ஏறக்குறைய 24 மி.மீ. வில்லை காட்டும் காட்சியைக் காட்டும். 10 மீட்டரில் நின்றால் பிம்பத்தின் உயரம் 24 × 1.2 ÷ 10 = 2.88 மி.மீ. அதாவது, படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான். கொரில்லா ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரியும். படம் முழுவதும் அது நிறைய வேண்டுமென்றால் 1.2 மீட்டர் தூரத்துக்குப் போக வேண்டும். கை எட்டும் தூரம்! மாணவி சொன்ன படம் எப்படி வந்தது என்பது இப்போது புரிகிறதா?

அதே 10 மீட்டரில் 200 மி.மீ. வில்லையைப் பொருத்துங்கள். 200 × 1.2 ÷ 10 = 24 மி.மீ. பிம்பம் உணரியின் உயரத்தை அப்படியே நிறைத்துவிடும். ஓர் அடிகூட எடுத்து வைக்கத் தேவையில்லை.

கைப்பேசியில் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் போதாதா? உங்கள் கைப்பேசியில் தொலைநோக்கு வில்லை தனியாக இருந்தால், அது ஓரளவு உதவும். இல்லையென்றால், கருவி படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். புதிய விவரம் எதுவும் சேராது.

கறுப்பு உரோமம் செய்யும் ஏமாற்று

காட்டுக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. கருவியின் ஒளிமானி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே ஒளியைக் கணக்கிடுகிறது. கறுப்பு உரோமம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உட்கவர்ந்துவிடும். ஒளிமானி, "இங்கே வெளிச்சம் போதவில்லை" என்று தவறாக முடிவு செய்து, அதிக ஒளியை உள்ளே விடும். கறுப்புக் கொரில்லா வெளிறிய சாம்பல் நிறமாகிவிடும், சுற்றியுள்ள இலைகளும் வெளுத்துப்போகும். இதைச் சரிசெய்ய, ஒளியளவுத் திருத்தத்தை −1 அளவில் வையுங்கள். கைப்பேசியில் திரையைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

மேகமும் மரக்கிளைகளும் மறைப்பதால் காட்டில் வெளிச்சம் குறைவு. அதற்காக ஃபிளாஷ் போடக் கூடாது. திடீர் ஒளி விலங்கை மிரளச் செய்யும். ஐஎஸ்ஓ எண்ணை 1600 அல்லது 3200க்கு உயர்த்துங்கள். 200 மி.மீ. வில்லையைக் கையில் பிடித்து எடுத்தால், மூடித்திறப்பு வேகம் 1/200 நொடியாவது இருக்கட்டும். குவியத்தைக் கண்ணில் வையுங்கள்.

மூக்கையும் தெளிவாக எடுங்கள். மூக்குத் துளைகளுக்கு மேலே உள்ள மடிப்புகள், நம் கைரேகையைப்போல், கொரில்லாவுக்குக் கொரில்லா மாறுபடும். அவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள்.

கொரில்லாவே நம்மை நோக்கி வந்தால்?

குட்டிகளுக்கு ஆர்வம் அதிகம். விதி அவற்றுக்குத் தெரியாது. அப்படி வந்தால் படமெடுப்பதை நிறுத்துங்கள். ஓடாமல், காவலர் சொல்வதைக் கேட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். தொடக் கூடாது. முதுகில் வெள்ளி நிற உரோமம் கொண்ட தலைவன் முறைத்துப் பார்த்தால், தாழ்ந்து உட்கார்ந்து பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பதை அது சவாலாக எடுத்துக்கொள்ளும்.

வீடு திரும்பிய பின்னும் ஒரு பொறுப்பு இருக்கிறது. தற்செயலாக நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்று உங்களிடம் இருந்தால், அதைப் பொதுவில் பகிராதீர்கள். அதைப் பார்க்கும் அடுத்த பயணி, "எனக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்று காவலரிடம் கேட்பார். முகக்கவசம் அணிந்து, தள்ளி நின்று எடுத்த படத்தைப் பகிர்ந்தால், அவரும் அப்படியே எடுக்க நினைப்பார்.

செய்து பாருங்கள்

பள்ளித் திடலில் 10 மீட்டர் அளந்து, நண்பர் ஒருவரைக் கறுப்புப் புத்தகப்பையோடு உட்காரச் சொல்லுங்கள். பெரிதாக்காமல் கைப்பேசியில் படமெடுங்கள். படத்தின் உயரத்தில் அவர் எத்தனையில் ஒரு பங்கு? பின்னர், பையை மட்டும் அருகிலிருந்து இரண்டு முறை எடுங்கள், ஒளியைத் திருத்தாமல் ஒன்று, குறைத்து ஒன்று. எது உண்மையான கறுப்பு?

சிந்தியுங்கள்

1. இடைவெளி 7 மீட்டராக இருந்த காலத்தில், அதே கொரில்லாவால் 24 மி.மீ. உணரியின் உயரத்தை நிறைக்க எத்தனை மி.மீ. வில்லை தேவைப்பட்டிருக்கும்?

2. நெல் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு படம் முழுவதும் நிறையும்போது, அது சாம்பல் நிறமாகத் தெரிவது ஏன்? ஒளியளவைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

விடைகள்: 1. 140 மி.மீ. 2. கொக்கையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி ஒளிமானி ஒளியைக் குறைத்துவிடுகிறது. எனவே, ஒளியளவைக் கூட்ட வேண்டும்.