சாவி யார் கையில்?

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருப்பூரில் உன் தகர ஷீட் கொட்டகையில், ஞாயிறு மாலை ஆராதனைக்கு நம் ஊர் விசுவாசிகளோடு, பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஸ்தோத்திரம். சபையை எப்படி வளர்ப்பது என்று கேட்டிருக்கிறாய். வளர்வதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வளர்ந்தபின் உடையாமல் நிற்க வேண்டுமே என்பதுதான் என் பாரம். ஆகவே 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுந்த அசூசா தெரு எழுப்புதலின் கதையை முழுதாகச் சொல்கிறேன். நம் மேடைகளில் அதன் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

அதை நடத்திய போதகர் வில்லியம் சீமோர் 1870-ல் லூசியானாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். பெரியம்மை அவருடைய ஒரு கண்ணைப் பறித்தது. ஹூஸ்டனில் சார்லஸ் பர்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில், கறுப்பர் என்பதால் வகுப்புக்குள் அவருக்கு இடமில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். 1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிறு சபை அவரை அழைத்தது. அந்நிய பாஷையைப் பற்றிப் பிரசங்கித்ததும் அதே சபையார் கதவைப் பூட்டி அவரை வெளியே நிறுத்தினார்கள். போனி பிரே தெருவில் ஆஸ்பெரி குடும்பத்தின் வீட்டில் ஜெபம் தொடர்ந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர்கள், சலவை செய்கிற பெண்கள். ஏப்ரல் 9 அன்று அங்கே அபிஷேகம் இறங்கியது. கூடிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் வீட்டின் முன் திண்ணையே இடிந்து விழுந்தது.

அதன்பிறகுதான் அசூசா தெரு, 312-ம் எண். முன்பு கறுப்பின மெதடிஸ்டுகளின் ஆலயமாயிருந்து, பிறகு குதிரை கட்டவும் சாமான் போடவும் பயன்பட்ட கட்டடம். அகலம் 40 அடி, நீளம் 60 அடி. ஆணிப் பீப்பாய்கள் மேல் பலகை போட்டு இருக்கை செய்தார்கள். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுதான் பிரசங்க பீடம். அதை மேடை போட்டு உயர்த்தாமல் கூடத்தின் நடுவில் வைத்துச் சுற்றிலும் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பெரிய மனிதர்களுக்கென்று ஒரு முன்வரிசை அங்கே அமைய வழியில்லை. காணிக்கைத் தட்டும் சுற்றி வரவில்லை, வாசலருகே ஒரு பெட்டி இருந்தது. நீயும் இதைச் செய்து பார். பந்தல்காரரிடம் மேடை கேட்காதே.

கறுப்பர்களைக் கூட்டமாய்க் கூடி அடித்துக் கொல்வது வழக்கமாயிருந்த அந்த நாட்டில், அந்தக் கூடத்தில் கறுப்புப் போதகரின் கைவைப்புக்கு வெள்ளையர்கள் முழங்கால் படியிட்டார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த அபுண்டியோ லோபஸும் ரோசாவும் அங்கே ஊழியம் செய்தார்கள். அர்மீனியர்களும் வந்தார்கள். ஏப்ரல் 18 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பரிகாசமாக எழுதியது. அது இன்னும் ஜனங்களைக் கூட்டி வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், தினமும் மூன்று வேளை ஆராதனை. நிர்வாகத்தில் கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணுமாக இருந்தார்கள். இன்று உலகமெங்கும் உள்ள பெந்தெகொஸ்தே சபைகளில் பல தங்கள் வேரை ஏதோ ஒரு வழியில் அந்தப் பழைய லாயத்தில்தான் தேடுகின்றன.

மேடையில் சொல்லாத பாதி இனிமேல்தான் வருகிறது. அதே 1906 அக்டோபரில் பர்ஹாம் வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரை ஒருவர் தழுவி ஜெபிப்பதைப் பார்த்து அருவருத்தார். 1908-ல் சபையின் பத்திரிகையைக் கவனித்துவந்த கிளாரா லம் போர்ட்லாண்டுக்குப் போனார். பத்திரிகையும் வாசகர்களின் முகவரிப் பட்டியலும் அவரோடு போயின. தன்னைத் தேடி வந்த உலகத்துக்குக் கடிதம் எழுதக்கூட சீமோருக்கு வழி இல்லாமல் போயிற்று. 1911-ல் வில்லியம் டர்ஹாம் வந்து, சீமோர் ஊரில் இல்லாத நேரத்தில் வேறு உபதேசத்தைப் பிரசங்கித்து ஜனங்களை இழுத்தார். சீமோர் திரும்பி வந்து டர்ஹாமுக்கு எதிராகக் கதவைப் பூட்ட வேண்டியதாயிற்று. 1914-ல் உருவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் பெரும்பாலும் வெள்ளையர்களின் ஐக்கியம். 1915-ல் சீமோரே தம் சபை ஒழுங்குமுறையில் தலைமைப் பொறுப்பு கறுப்பினத்தாருக்கு மட்டும் என்று எழுதினார். அதை எழுதும்போது அந்த மனிதரின் இருதயம் என்ன பாடுபட்டிருக்கும்! 1922-ல் அவர் மரித்தார். 1931-ல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

இதற்கெல்லாம் சாத்தானைக் காரணம் காட்டிவிட்டு நகர நான் தயாரில்லை. சேர்ந்து பாடினவர்கள் அதிகாரத்தில் சேர்ந்திருக்க முடியவில்லை. பத்திரிகை யார் கையில், முகவரி யார் கையில், சாவி யார் கையில் என்ற இடத்தில் நிறம் மறுபடி உள்ளே வந்தது. நம் ஊரில் அது சாதியாக வரும். கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் வைத்தவர்கள் நாம். உன் கொட்டகைக்குள் ஒடிசாக்காரருக்கும் தமிழருக்கும் நடுவில் வருவதற்கு முன்பே, தமிழருக்கும் தமிழருக்கும் நடுவில் அது வந்து உட்கார்ந்திருக்கும்.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தை நிதானமாக வாசி. ஆதிச் சபையில் முதல் முறுமுறுப்பு சாப்பாட்டுப் பந்தியில் எழுந்தது. கிரேக்கம் பேசின விதவைகள் பந்தி விசாரணையில் விடுபட்டார்கள். உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிற்று என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். உன் சபையில் காணிக்கை எண்ணுவது யார்? ஆராதனைக்குப் பிறகு போடும் சாப்பாட்டில் பரிமாறுவது யார், பாத்திரம் கழுவுவது யார்? எனக்குப் பதில் எழுத வேண்டாம், நீயே பார். இரண்டு பாட்டு இந்தியில் பாடினால் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதாக ஆகாது. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் இரண்டு பேரில் ஒருவர் அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.

இன்னொன்று. அசூசாவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார், தமக்கு வங்காள மொழி அருளப்பட்டது என்று நம்பி, 1906-லேயே மனைவி லிலியனோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். கல்கத்தாவில் அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் அவர் திரும்பி ஓடவில்லை. சில காலம் அங்கேயே தங்கி, அங்கிருந்த மிஷனரிகளுக்கு ஊழியம் செய்தார். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் அபிஷேகம் இருப்பதால் மொழி படிக்க வேண்டியதில்லை என்று நீ நினைத்துவிடாதே. தினமும் அரை மணி நேரம் ஒடியா படி. அந்தப் பிள்ளைகளிடமே படி. உனக்குக் கற்றுக்கொடுக்கும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பாய். பிரசங்கத்தில் “இந்திக்காரப் பசங்க” என்று சொல்லாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு.

டிசம்பரில் ஜார்க்கண்ட் பிள்ளைகள் கிறிஸ்துமசுக்கு ரயிலேறிவிடுவார்கள். மூப்பர் தெரிவை அதற்கு முன்பே வைத்துக்கொள். ஆள் குறைவாக இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும், அவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் அதை நடத்திவிடாதே.

உனக்காக ஜெபிக்கும்,
உன் அண்ணன்