புதிய கணினியும் பழைய தராசும்

இவ்வட்டாரத்தில் யான் ஆய்வு செய்த நெசவாளர் சங்கமொன்றில் புதிய கணினி வாங்கியிருந்தனர். அன்றுமுதல் நூல் நிறுக்கும் மின்னணுத் தராசு கணினியோடு பேசவில்லை. தராசில் பழுதில்லை, அதன் கம்பியைச் செருகப் புதிய கணினியில் வாய் இல்லை. நிறையைக் கையால் எழுதினர். ஓர் அங்கத்தினரின் ஊடைநூல் கணக்கில் அரைக் கிலோ கூடுதலாக ஏறி, அவர் கூலியில் பிடித்தம் விழுந்தது. பின்னர் அது திருத்தப்பட்டதெனினும், இதனின்று நாம் கற்கவேண்டிய பாடம் உண்டு.

தராசுகளில் காணும் ஒன்பது ஊசி வாய்க்குச் 'சீரியல் போர்ட்' என்று பெயர். அதற்குரிய ஆர்.எஸ்.-232 என்னும் விதி 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அச்சு யந்திரத்திற்குரிய 'பாரலல் போர்ட்' 1970இல் தோன்றியது. 1996இல் வந்த யு.எஸ்.பி. இவ்விரண்டின் இடத்தையும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

ஆயினும் பழைய வாய்களை இன்றும் பலர் கேட்டு வாங்குவது ஏன்? நல்ல தராசு பல கணினிகளின் ஆயுளைக் கடந்தும் உழைக்கும். ஊசியால் அடித்து அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் யந்திரம் ஒரே அடியில் கார்பன் படிகளையும் தரும். மை தெளிக்கும் யந்திரத்தால் அது இயலாது. மேலும், சீரியல் கம்பி சுமார் 15 மீட்டர் வரை செல்லும், சாதாரண யு.எஸ்.பி. கம்பிக்கு எல்லை 5 மீட்டரே. கிடங்கிலுள்ள தராசுக்கும் அலுவலகத்திற்கும் இடையே இவ்வேறுபாடு பெரிது.

ஆகவே, கணினி வாங்குமுன் சங்கத்தார் செய்யவேண்டுவன:

1. தராசு, அச்சு யந்திரம் ஆகியவற்றின் வாய்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுக.

2. அவ்வாய்கள் உள்ள கணினியையே விலைப்புள்ளியில் கேட்க. சில கணினிகளின் உட்பலகையில் சீரியல் இணைப்பு மறைந்திருக்கும். சிறு கம்பியால் அதை வெளிக்கொணரலாம். இன்றேல், தனி அட்டை பொருத்த இடமுண்டா என வினவுக.

3. யு.எஸ்.பி. மாற்றி மலிவானது, தராசுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் வேறு துளையில் செருகினால் அதன் எண் மாறக்கூடும். அப்போது கணக்குச் செயலி தராசைக் காணாது. பாரலல் வாய்க்கு நேரே எழுதும் பழைய செயலிகள் மாற்றிவழி அச்சிடாமலும் போகலாம்.

4. நம் தராசையும் அச்சு யந்திரத்தையும் இணைத்து, ஒரு ரசீது அச்சிட்டுப் பார்த்தபின்பே பணம் தருக.

நூல் பெறும் நெசவாளரும் விளைபொருள் கொணரும் உழவரும் நம்புவது தராசு காட்டும் எண்ணையே. அவ்வெண் கைபடாமல் கணக்கில் ஏறுவதற்கு அச்சிறு வாய் துணைபுரிகிறது. கொள்முதல் தீர்மானத்தில் அதற்கென ஒரு வரி சேர்ப்பது நிர்வாகக் குழுவின் கடமையாகும்.