திருடனுக்கும் பயன்படாத ரகசியம்

சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பி.எச்.பி.யில் வலைச்செயலிகள் எழுதிக்கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட எனக்கு அத்தொழில் கற்பித்த பாடங்களுள் பிரதானமானது எதுவென்றால், தரவுத்தளம் என்றேனும் ஒரு நாள் அந்நியர் கையில் சிக்கும் என்று நிச்சயித்துக்கொண்டு, அந்த நாளிலும் அங்கத்தினரின் கடவுச்சொல் வெளிப்படாதபடி எழுதுவதே மெய்யான பாதுகாப்பு என்பதாகும். செயலி சிறியதுதானே, இதில் களவாட என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு; மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் அதே கடவுச்சொல்லை உபயோகிப்போர் பலர் என்பதால், அவர்களுடைய வீட்டுச் சாவியே நம்மிடம் இருப்பதாகக் கருத வேண்டும்.

2009-இல் ராக்யூ நிறுவனத்தின் தரவுத்தளத்தில் புகுந்தவருக்கு ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் எவ்வித மறைப்புமின்றிக் கிடைத்தன. 2012-இல் வெளியான லிங்க்ட்இன் கடவுச்சொற்களோ ஹாஷ் என்னும் ஒருவழி மறைப்புக்கு உட்பட்டிருந்தும், சால்ட் என்னும் தற்செயல் எழுத்துக்கோவையைச் சேர்க்காமையாலும், அதிவேகமாகக் கணிக்கத்தக்க எஸ்.எச்.ஏ-1 முறையைக் கையாண்டமையாலும், பெருமளவில் உடைபட்டன. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனி சால்ட் வேண்டும். கணிப்பும் வேண்டுமென்றே தாமதமாக நடைபெற வேண்டும். 1999-இல் நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியேரும் வெளியிட்ட பிக்ரிப்ட் இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது.

பி.எச்.பி.யில் பாஸ்வேர்ட்_ஹாஷ் என்னும் ஃபங்ஷனை பிக்ரிப்ட் முறையில் அழைத்தாலே சால்ட் உட்பட 60 எழுத்துள்ள ஒரு ஹாஷ் கிடைத்துவிடுகிறது. சரிபார்ப்பதற்குப் பாஸ்வேர்ட்_வெரிஃபை இருக்கிறது. சொந்தமாக ஒரு முறையை இயற்ற முயல்வது அநாவசியம், அபாயமும்கூட. கணிப்பின் தாமதத்தை நிர்ணயிக்கும் காஸ்ட் எண் ஒன்று கூடினால் உழைப்பு இரட்டிக்கும். 2024-இல் வந்த பி.எச்.பி. 8.4 பதிப்பு அதன் இயல்பு மதிப்பை 10-இலிருந்து 12 ஆக உயர்த்தியிருப்பதால், திருடனின் சிரமம் நான்கு மடங்காகிறது. முறை பிற்காலத்தில் மாறக்கூடும் ஆதலால், தரவுத்தளத்தில் ஹாஷுக்குரிய நெடுவரிசையின் அளவை 255 எழுத்தாக வைப்பது உசிதம்.

லாகின் பக்கத்திலும் சில நியமங்களை நான் கைவிடுவதில்லை. பயனர் தரும் எதையும் எஸ்.க்யூ.எல். வரியோடு ஒட்டாமல் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் வழியாகவே அனுப்புகிறேன். பெயர் தவறானாலும் கடவுச்சொல் தவறானாலும் ஒரே செய்தியைக் காட்டுகிறேன். உள்ளே வந்தவுடன் செஷன் ஐ.டி.யைப் புதுப்பிக்கிறேன், குக்கியை எச்.டி.டி.பி. ஒன்லி, செக்யூர் என்னும் இரண்டு குறிகளோடு அனுப்புகிறேன். அடுத்தடுத்துத் தவறும் முயற்சிகளைத் தாமதப்படுத்துகிறேன். கடவுச்சொல்லை மறந்தவருக்கு, சிறிது நேரத்தில் காலாவதியாகும் ஒருமுறை இணைப்பே அனுப்பத்தக்கது. பழைய கடவுச்சொல்லையே அஞ்சலில் அனுப்ப வல்ல செயலி, அதனை மீட்கத்தக்க வடிவில் வைத்திருக்கிறது என்பது திண்ணம்.

தரவுத்தளத்தில் மறைத்ததை லாக் கோப்பு காட்டிக்கொடுப்பதும் உண்டு. 2018-இல் ட்விட்டர் நிறுவனமே தன் உள் லாகில் கடவுச்சொற்கள் அப்படியே பதிவாகியிருந்ததாக அறிவித்து, அவற்றை மாற்றிக்கொள்ளும்படி பயனர்களை வேண்டியது. ஆதலால் செயலியை ஒப்படைக்குமுன், வேறெங்கும் வர முடியாத ஒரு விசித்திரக் கடவுச்சொல்லால் பதிவு செய்து, வேண்டுமென்றே ஒரு பிழையையும் உண்டாக்கி, பிறகு தரவுத்தளத்தின் பேக்கப்பிலும் லாக் கோப்புகளிலும் அச்சொல்லைத் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் அகப்பட்டாலும் வேலை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.